கம்பியில் கோத்த கடிதங்கள்

பழைய கடிதம், பத்திரம், பதிவேடு ஆகியவற்றை வைத்துக் குடும்ப வரலாறு தேடும் வாசகர்களுக்கான பகுதி இது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் 33 ஆண்டு வேலை பார்த்தவள் நான். முக்கால்வாசி சர்வீஸ் சிவகங்கைச் சீமையிலேயே கழிந்தது. எனக்குத் தெரிந்ததில் பாதியை அந்த அலுவலகத்துத் தடிப் புத்தகங்களிடம் கற்றேன். மீதியைக் கற்றுத் தந்தவை எங்கள் வீட்டு மச்சில் கிடந்த கடிதங்கள்.

கேள்வி: என் மாமியார் காலமான பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது, மரக்கட்டையில் நட்ட கம்பி ஒன்றில் குத்தி வைத்த நாற்பது, ஐம்பது கடிதங்கள் கிடைத்தன. பெரும்பாலும் மாமனாரின் அப்பா ரங்கூனிலிருந்து எழுதியவை. 'விபவ வருஷம் தை மாதம்' என்கிற மாதிரிதான் தேதி இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி ஸ்கேன் செய்துவிடலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள் அம்மா. அந்தக் கம்பியே ஒரு பதிவேடு. தபால் வந்ததும் படித்துவிட்டு மேலாகக் குத்துவார்கள். ஆகவே அடியில் கிடப்பது பழசு, உச்சியில் இருப்பது புதுசு. தேதியே இல்லாத கடிதம்கூட எந்த இரண்டு கடிதங்களுக்கு நடுவே இருக்கிறது என்பதை வைத்துக் காலத்தைச் சொல்லிவிடும். முதலில் கம்பியோடு நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்க மூலையில் பென்சிலால் எண் போடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். கம்பி துருவேறியிருந்தால் இழுக்காதீர்கள், காகிதம் கிழியும். நுனிக் கொக்கியைக் குறட்டால் வெட்டிவிட்டு மெல்ல உருவுங்கள்.

இனி வருஷக் கணக்கு. நம் அறுபது வருஷச் சுற்றில் விபவ என்பது 1868, 1928, 1988 மூன்றிலும் வரும். ரங்கூன் கடிதம் என்பதால் உங்களுடையது 1928. ஆனால் இங்கேதான் பலரும் ஒரு வருஷம் தவறுகிறார்கள். விபவ வருஷம் 1928 சித்திரையில் பிறந்தது. அதன் தை மாதம் வரும்போது ஆங்கில ஆண்டு மாறிவிடும். ஆக உங்கள் கடிதம் 1929 ஜனவரி, பிப்ரவரியில் எழுதியது. தை, மாசி, பங்குனி என்றால் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். மார்கழிப் பிற்பாதிக்கும் அதே கணக்குதான்.

அறுபது ஆண்டுக் குழப்பம் வந்தால் தபால்தலை தீர்த்துவைக்கும். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட கார்டென்றால் ஏறக்குறைய 1911க்கும் 1936க்கும் நடுவில். பர்மா 1937 ஏப்ரலில் இந்தியாவை விட்டுத் தனி நிர்வாகமாகப் பிரிந்தது. அதற்கு முன் ரங்கூனிலிருந்து வந்த கடிதத்தில் இந்தியத் தபால்தலைதான் இருக்கும், பின்னால் வந்ததில் பர்மா என்று இருக்கும். உள்ளூர்க் கடிதம் என்றால் 'நயா பைசா' இருக்கிறதா பாருங்கள், அது 1957 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது.

௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. எண்களும் தமிழில் இருந்தால் மிரளாதீர்கள். ௲௯௱௨௰௧ என்பதை ஆயிரம், ஒன்பது நூறு, இரண்டு பத்து, ஒன்று என்று உடைத்துப் படித்தால் 1921.

தேதியைக் கண்டுபிடித்த பிறகு, ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி நாலு வரியைத் தனியே ஒரு நோட்டில் எழுதுங்கள். 'பெரியத்தானைக் கேட்டதாகச் சொல்லவும், சின்னவளுக்கு முத்தம், மேலவீட்டு அம்மானுக்கு நமஸ்காரம்' என்று ஒரு வரிசை வரும். 'நிற்க' என்று தொடங்கிப் பணம், நெல், மாடு பேசுகிற நடுப்பகுதியைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்கிறார்கள். எனக்கு அந்தக் கடைசி வரிகள்தான் பெரிது. வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்கிற கணக்கு அதில் வயது வரிசையில் இருக்கிறது. ஒரு கடிதத்தில் புதிதாக ஒரு பிள்ளை சேரும். மூன்று கடிதம் தள்ளி ஒரு கிழவியின் பெயர் காணாமல் போகும். அந்த இடைவெளியில்தான் அவள் போயிருக்கிறாள்.

சாவுச் செய்தியே கம்பியில் இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்காது. கருமாதிக் கடிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று படித்த உடனே கிழித்துப் போட்டுவிடுவார்கள். மஞ்சள் தடவியது தங்கும், கறுப்பு மை தடவியது தங்காது. கடிதக் கட்டில் கல்யாணம் உண்டு, பிள்ளைப்பேறு உண்டு, சாவு மட்டும் இல்லை. அதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். எங்கே என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: அப்பா வழியில் ஏழு தலைமுறை ஆண்களின் பெயரை என் சித்தப்பா ஒரே மூச்சில் சொல்வார். ஆனால் அப்பாவின் அப்பத்தாவுக்கு என்ன பெயர் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பெண்களைத் தேட வழியே இல்லையா, அம்மா?
— கல்லூரி மாணவி, மேலூர்

வழி இருக்கிறது மகளே. இந்தக் கேள்வியை எத்தனையோ நாள் நானே எனக்குள் கேட்டிருக்கிறேன்.

என் அப்பாவைப் பெற்றவளை ஊரே 'ரங்கூனார் வீட்டு ஆத்தா' என்றுதான் அழைத்தது. நான் பிறக்கும் முன்பே போய்விட்டாள். அத்தையிடம் பெயர் கேட்டேன். "ஆத்தான்னு கூப்பிடுவோம், பேரு எதுக்குடி?" என்றார். ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவி ஆளாக இருந்தவர். அவர் எழுதிய 23 கடிதங்கள் எங்களிடம் உண்டு. அத்தனையும் தன் அண்ணனுக்கு எழுதியவை. மனைவியைப் பற்றி வருவது ஒரே சொல்தான்: 'வீட்டில்'. 'வீட்டில் சௌக்கியத்துக்கு எழுதவும்', 'வீட்டில் சேலை எடுத்துக் கொடுக்கவும்.' 23 கடிதத்திலும் அவளுக்குப் பெயர் இல்லை. கடைசிக் கடிதம் பிரபவ வருஷம் மாசி, அதாவது 1928 தொடக்கம். அப்புறம் ஒன்றுமில்லை.

நான் வேலையில் இருந்தபோதே தேடியிருக்கலாம். ஓய்வு பெற்ற பிறகுதான் மனு எழுதிப் பணம் கட்டி, மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தேடினேன். பதிவு அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஒன்றாம் புத்தகத்தில் நகலாகும். அதற்கு இரண்டு அட்டவணை. முதல் அட்டவணை எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயரை வைத்து. இரண்டாவது ஊரையும் சர்வே எண்ணையும் வைத்து. எல்லோரும் முதல் அட்டவணைக்குத்தான் போவார்கள். ஆனால் பெயரே தெரியாதவளைப் பெயர் அட்டவணையில் எப்படித் தேடுவது? எங்கள் பட்டாவில் இருந்த புஞ்சையின் பழைய சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டாம் அட்டவணையைப் புரட்டினேன். 1928ல் ஒன்றுமில்லை. 1929ல் இருந்தது. சுக்கில வருஷம் ஆவணி மாதம், ஓர் அடமானப் பத்திரம்.

'ரங்கூனில் காலஞ்சென்ற' என்று ஐயாவின் பெயர். அவருடைய 'பெண்சாதியும், மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான' என்று தொடர்ந்து, அடுத்த சொல்லாக என் அப்பத்தாவின் பெயர். மைனர் என் அப்பா, நாலு வயது. புருஷன் பட்ட கடனுக்கும் மைனரின் ஜீவனத்துக்கும் 200 ரூபாய். கிழித்துப் போட்ட கருமாதிக் கடிதம் சொல்லியிருக்க வேண்டியதைப் பத்திரம் சொல்லிவிட்டது. 1928 மாசிக்கும் 1929 ஆவணிக்கும் நடுவே ஐயா இறந்திருக்கிறார்.

எல்லைகளைப் படித்தேன். பத்திரத்தில் யாரும் படிக்காமல் தாண்டுகிற பகுதி செக்குபந்திதான். 'தென்புறம், என் தகப்பனார் புஞ்சை' என்று எழுதி அவர் பெயரும் இருந்தது. அவள் எங்கிருந்தோ வந்தவள் இல்லை, அடுத்த வயலிலிருந்து வந்தவள். அடையாளம் காட்டிய சாட்சிகள் இரண்டு பேரில் ஒருவர் அவளுடைய தம்பி. ஒரே பத்திரத்தில் அவள் பெயர், அப்பன் பெயர், பிறந்த வீட்டு நிலம், கூடப்பிறந்தவன், எல்லாமே கிடைத்தன. கைநாட்டுப் பதிவேட்டில் அவள் இடது பெருவிரல் ரேகையும் இருந்தது. சின்ன ரேகை. அவளுக்கு அப்போது 25 வயதுகூட ஆகியிருக்காது. அந்தப் பக்கத்தை மூடவே மனம் வரவில்லை.

இன்னொன்றும் கிடைத்தது. 1941ல் அதே எண்ணில் ஒரு ரசீது பதிவாகியிருக்கிறது. அடமானம் முழுதும் தீர்ந்தது. 12 வருஷத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி அந்த 200 ரூபாயையும் வட்டியையும் அடைத்திருக்கிறாள். எப்படி அடைத்தாள் என்று எந்த ஏட்டிலும் இல்லை.

அதனால் மகளே, பெண்களைத் தேட இந்தப் பத்திரங்களைப் பாருங்கள். மைனருக்குக் கார்டியனாகத் தாய் எழுதியவை. மகளுக்கு மஞ்சள்காணியாக நிலம் கொடுத்த தானப் பத்திரங்கள். விதவைக்கு ஜீவனாம்சம் ஒதுக்கிய பாகப்பிரிவினைகள். 1956ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து மகளும் வாரிசானாள். அதன் பிறகு அவள் கையெழுத்து இல்லாமல் சொத்து நகராது என்பதால், பெண்கள் கூட்டமாக வந்து கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரங்கள் நிறைய இருக்கும். உரிமையை விட்டுக் கொடுக்க வந்த இடத்தில்தான் பல பெண்களின் முழுப் பெயரும் ஊரும் புருஷன் பெயரும் பதிவாகியிருக்கின்றன. அதைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கும். ஆனாலும் பெயர் கிடைக்கிறதே.

உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவருக்கு நகல் தரமாட்டார்கள். இறந்த பிறகு, இறப்புச் சான்றைக் காட்டி யாரும் கேட்கலாம்.

கேள்வி: வில்லங்கச் சான்று இப்போது இணையத்திலேயே வருகிறதே, அலுவலகத்துக்கு அலைய வேண்டுமா?
— வாசகர், திருச்சி

1975க்குப் பிந்தைய வில்லங்கம்தான் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும். உங்கள் தேடல் அதற்கு முன்பு என்றால் நேரில் மனுப் போட்டுத்தான் ஆக வேண்டும். போகும் முன் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் இப்போது எந்தச் சார் பதிவகத்தில் இருக்கிறதோ, 1920ல் அதே பதிவகத்தில் இருந்திருக்காது. பழைய புத்தகங்கள் தாய் அலுவலகத்தில் இருக்கலாம். அடுத்தது, யூ.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் சர்வே எண்களும் உட்பிரிவுகளும் பல ஊர்களில் மாறின. புது எண்ணை வைத்துப் பழைய அட்டவணையைப் புரட்டினால் அடுத்தவர் நிலம்தான் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம், ஊர் நிலங்களை எல்லாம் எழுதிய 'அ' பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: நீங்கள் பத்திரம், பட்டா என்றே எழுதுகிறீர்கள். எங்கள் தாத்தா, பாட்டன் யாருக்கும் ஒரு செண்ட் நிலம் இருந்ததில்லை. பண்ணையில் கூலி வேலைதான். கடிதம் எழுதப் படிப்பும் இல்லை. எங்களுக்கு வரலாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், செய்யாறு

அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது தம்பி. நீங்கள் சொன்னது நியாயம். பதிவு அலுவலகம் நிலம் உள்ளவனைத்தான் நினைவில் வைத்தது. ஆனால் நிலமில்லாதவரை எழுதி வைத்த வேறு புத்தகங்கள் உண்டு. அவற்றை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் தொடங்குங்கள். சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாகக் காக்க வேண்டிய ஏடு. பிள்ளையின் பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி, எந்த வகுப்பில் நின்றான் என்பதெல்லாம் இருக்கும். 1920களில் அன்றைய லேபர் டிபார்ட்மெண்ட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சேரிகளிலேயே பள்ளிகளைத் திறந்தது. பெரியவர்கள் அதை இன்றும் 'லேபர் பள்ளிக்கூடம்' என்பார்கள். இப்போது அவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அப்படி ஒரு பள்ளி இருந்தால் தலைமையாசிரியரைப் பார்த்து, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தாத்தா ஒரே ஒரு வருஷம் படித்திருந்தாலும் பெயர் இருக்கும்.

உங்கள் பக்கம் ஆற்காடு மிஷன் 1853 முதல் வேலை செய்த பகுதி. குடும்பத்தில் யாராவது ஒரு தலைமுறை கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து பிறகு திரும்பியிருந்தாலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு இருக்கும். பெண்ணின் பெயரையும் தாயின் பெயரையும் தவறாமல் எழுதிய ஏடுகள் அவை.

பிறப்பு, இறப்பு ஏட்டை அந்தக் காலத்தில் கிராம முன்சீப் எழுதினார். பழையதைத் தாலுகா ஆபீசில் கேளுங்கள், அங்கே இல்லையென்றால் சார் பதிவகத்தில். குழந்தையின் பெயர் இருக்காது, 'ஆண்', 'பெண்' என்றே இருக்கும். தகப்பன் பெயரும் தேதியும் தெரிந்தால் போதும்.

நிலமே இல்லை என்று முடிவு கட்டும் முன் இன்னொன்றைப் பாருங்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891ல் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892ல் வந்த அரசாணைப்படி ஒதுக்கியதுதான் பஞ்சமி நிலம். மற்றவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம், எத்தனையோ ஊர்களில் கைமாறிப் போயிருக்கிறது. உங்கள் ஊர் 'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் அப்படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பாட்டன் பெயரில் இருந்து பேரனுக்குச் சேதி வராமலே போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகக் கடல் கடந்தவர்கள். 'எங்கள் பாட்டனின் தம்பி ஒருவன் கப்பலேறிப் போனான், திரும்பவே இல்லை' என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா? சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் தழும்பு எங்கே என்பதுவரை பட்டியலில் உண்டு. டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களை வைத்திருக்கிறது. மொரீசியஸுக்குப் போனவர்களின் ஏடுகள் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். வாய்விட்டுப் படித்தால் ஊர் புரிந்துவிடும்.

தம்பி, ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஏடுகளில் உங்கள் முன்னோரை ஒருமையில், சாதிப் பெயரோடு ஒட்டி, மரியாதையில்லாமல் எழுதியிருப்பார்கள். முதல் தடவை பார்க்கும்போது வலிக்கும். தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நீங்கள் எழுதும் குடும்ப ஏட்டில் அவர்களுக்கு உரிய மரியாதையோடு எழுதுங்கள்.

கேள்வி: என் பெற்றோர் சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்கள். அப்பாவுக்குத் தோட்டத்தின் பெயர் தெரியும், ஆனால் இலங்கை வரைபடத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை. தமிழ்நாட்டில் எங்கள் பூர்வீகக் கிராமம் எது என்றும் தெரியவில்லை.
— வாசகி, கோத்தகிரி

தோட்டத்துக்குக் காகிதத்தில் ஒரு பெயர், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் வாயில் இன்னொரு பெயர். அப்பா சொல்வது பின்னது. காகிதப் பெயர் வேண்டுமானால் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்கள். வந்த குடும்பங்கள் பாத்திரத்தை விட்டாலும் காகிதத்தை விட்டதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. 1949ல் இலங்கை அரசு கொண்டுவந்த சட்டப்படி குடியுரிமை வேண்டுமென்றால், கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் இடைவிடாமல் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அதற்காகச் செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டின் நகல், பள்ளிக்கூடச் சான்று, பிறப்புச் சான்று, பழைய துண்டு என்று எதையும் எறியாமல் சேர்த்தார்கள். அந்தப் பழக்கத்தில்தான் எல்லாம் மிஞ்சியிருக்கிறது. பிறப்புச் சான்றில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருக்கும்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான அந்தச் சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஆனது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது பூர்வீக ஊரையும் பெரும்பாலும் எழுதச் சொன்னார்கள். அப்பா, அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டையும் மண்டபம் முகாமில் கொடுத்த தாள்களையும் வரி விடாமல் படியுங்கள். 'திருச்சி ஜில்லா' என்று இருந்தால் இன்றைய திருச்சியில் மட்டும் தேடாதீர்கள். புதுக்கோட்டை 1948ல் திருச்சியோடு சேர்ந்து 1974ல்தான் தனி மாவட்டமானது. கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அன்றைய திருச்சி ஜில்லா. 'ராமநாதபுரம் ஜில்லா' என்றால் சிவகங்கையும் விருதுநகரும் அதற்குள் வரும்.

காகிதம் எதுவும் இல்லாவிட்டால் சாமியைக் கேளுங்கள். நான் சொல்வது குலதெய்வத்தை. லயத்தில் என்ன சாமிக்குப் பூசை போட்டீர்கள், பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக என்ன பெயர் வைத்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டுக் குறியுங்கள். அழகர்சாமி, அழகம்மாள் என்று வந்தால் மதுரைப் பக்கம் பாருங்கள். பச்சையம்மாள், துரோபதை என்றால் ஆற்காட்டுப் பக்கம். மாசாணி என்றால் ஆனைமலை. பொன்னர், சங்கர் என்றால் மணப்பாறை, கரூர் வட்டாரம். மாரியும் கருப்பனும் எல்லா ஊரிலும் உண்டு, அவற்றை வைத்து ஊர் சொல்ல முடியாது. ஆனால் கருப்பனுக்கு முன்னால் ஓர் அடைமொழி இருக்கும். சங்கிலிக் கருப்பனா, பதினெட்டாம்படிக் கருப்பனா, இல்லை ஏதாவது ஊர் பெயரோடு ஒட்டியவனா? அதை அப்பா வாயால் சொல்லச் சொல்லி ரெக்கார்டு செய்யுங்கள். அந்த அடைமொழிதான் உங்கள் ஊருக்குப் பாதை. அப்பாவுக்கு வயதாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே கேளுங்கள்.

கேள்வி: 1968ல் சித்தப்பா என் அப்பாவுக்கு எழுதிய ஒரு கடிதம் கிடைத்தது. பாகப்பிரிவினையில் அப்பா ஏமாற்றிவிட்டதாக மிகக் கடுமையாக எழுதியிருக்கிறார். இருவரும் இப்போது இல்லை. பிள்ளைகள் நாங்கள் ஒற்றுமையாக இருக்கிறோம். இதை எரித்துவிடச் சொல்கிறான் என் தம்பி. என்ன செய்வது?
— வாசகர், திண்டுக்கல்

எரிக்காதீர்கள் ஐயா. அப்பாவுக்குக் கோபம் வந்திருக்கும், அவமானமாகவும் இருந்திருக்கும். கிழித்துப் போட அவருக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஆனாலும் சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தார். அதை நீங்கள் எரிப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை முதலில் எடுங்கள். யாருக்கு எத்தனை செண்ட், எந்தக் கிணற்றில் எத்தனை முறை என்று அதில் இருக்கும். சித்தப்பா சொன்னது உண்மையாக இருக்கலாம், ஆத்திரத்தில் எழுதியதாகவும் இருக்கலாம். பத்திரத்தைப் பார்க்காமல் நீங்களும் தம்பியும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அதுவரை கடிதத்தை ஓர் உறையில் போட்டு, மேலே தேதியும் உங்கள் பெயரும் எழுதித் தனியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது சித்தப்பா எழுதியது. உங்கள் அப்பா அதற்கு எழுதிய பதில் உங்கள் வீட்டில் இருக்காது, சித்தப்பா வீட்டில்தான் இருக்கும். சித்தி இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் கழித்து ஒரு நாள் போய் உட்காருங்கள். இந்தக் கடிதத்தைப் பற்றி எடுத்ததும் பேசாதீர்கள். பழைய கடிதம் ஏதாவது இருக்கிறதா சித்தி என்று மட்டும் கேளுங்கள். அவர் எடுத்து வந்து கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்து அவர் எதிரிலேயே படியுங்கள். உங்களிடம் உள்ளதைக் காட்டலாம் என்று அப்போது தோன்றினால் காட்டுங்கள். போகும்போது நகலை எடுத்துப் போங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.